முன்வைத்த காலைப் பின்வை!

"முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டேன்!" மேடையில் யார் சொன்னாலும் கைதட்டல் நிச்சயம். கொள்கைவீரர்களைப் பாராட்டவும் இதே வசனம்தான், பிடிவாதக்காரர்களைக் கிண்டல் செய்யவும் இதே வசனம்தான். ஆனால் ஒரு விளையாட்டில் மட்டும் இந்த வீரவசனம் செல்லுபடியாகாது. அங்கே முன்வைத்த காலைப் பின்வைத்தால்தான் திரும்பவே முடியும். மாட்டேன் என்று அடம்பிடித்தால் மூக்கு பனியில் புதையும்!

அந்த விளையாட்டுக்கு டெலிமார்க் என்று பெயர். பனிச்சறுக்கில் ஒரு வகை.

பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அதன் ஒரு துளியைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்ப் என்று ஒரு போட்டி. உயரமான சரிவிலிருந்து வழுக்கி வந்து, பறவை மாதிரி காற்றில் மிதந்து, நூறு மீட்டருக்கு அப்பால் வந்து இறங்குவார்கள். இறங்கும் அந்த நொடியைக் கவனித்தால் தெரியும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டு முழங்காலும் மடங்கி, கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து... யாருக்கோ மண்டியிட்டு மரியாதை செய்வது போல இருக்கும். அதுதான் டெலிமார்க் தரையிறக்கம். சும்மா அழகுக்காகச் செய்வதில்லை. ஐந்து நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவர் கையிலும் 20 மதிப்பெண். இரண்டு காலையும் சேர்த்துவைத்து இறங்கினால், எவ்வளவு தூரம் பறந்திருந்தாலும் வெட்டு விழும்.

ஸ்கீ ஜம்ப் வீரர் ஒரு தாவலுக்கு ஒரு முறை செய்வதை, டெலிமார்க் ஆள் மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் செய்கிறார். மாற்றி மாற்றி. வலது கால் முன்னே, இடது கால் முன்னே, மறுபடி வலது கால் முன்னே... நூறு திருப்பம் என்றால் நூறு முறை மண்டியிட்டு எழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போய்த் தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு மறுநாள் தொடை என்ன பாடுபடும் என்று தெரியும். அதே வலிதான். ஆனால் இதற்குக் காசு கொடுத்துப் போகிறார்கள்!

கட்டப்படாத குதிகால்

ஏன் இந்தக் கஷ்டம்? எல்லாவற்றுக்கும் காரணம் குதிகால்.

திரைப்படங்களில் பார்க்கும் வழக்கமான மலைச்சறுக்கில், அதாவது ஆல்பைன் பாணியில், பூட்ஸின் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கீயோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். பூட்ஸும் கெட்டியான பிளாஸ்டிக். கெண்டைக்கால் வரை வந்து கவ்விப் பிடித்துக்கொள்ளும். முன்னால் எவ்வளவு சாய்ந்தாலும் பூட்ஸ் தாங்கிக்கொள்ளும். சுவரில் சாய்வது மாதிரி அதன் மேல் சாயலாம்.

டெலிமார்க்கில் கால்விரல் பக்கம் மட்டும்தான் பிடிமானம். குதிகாலுக்குப் பூட்டு இல்லை. நடக்கும்போது செருப்பில் குதிகால் எழுவது போல, ஸ்கீயிலிருந்து தாராளமாக எழும். சமதளத்தில் நடக்கவும் மேட்டில் ஏறவும் இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. வில்லங்கம் இறங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

கூட்டமான பேருந்தில், கம்பி எட்டாத இடத்தில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்து விறைப்பாக நின்றால், ஓட்டுநர் பிரேக் போட்ட மறுநொடி அவர் முன்சீட்டுக்காரர் மடியில் இருப்பார். தினமும் அப்படிப் போய்ப் பழகியவர்கள் யாரும் அப்படி நிற்பதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறார்கள். பிரேக் போட்டால் முன்னங்கால் தாங்கும். வண்டி திடீரென்று கிளம்பினால் பின்னங்கால் தாங்கும்.

பனியிலும் இதே கணக்குதான். சரிவில் போகும்போது ஸ்கீ ஒரு கனத்த பனிக்குவியலில் மாட்டினால் வேகம் சட்டென்று குறையும், உடல் மட்டும் பழைய வேகத்திலேயே முன்னே போகும். குதிகால் பூட்டப்பட்டிருந்தால் பூட்ஸ் பிடித்துக்கொள்ளும். பூட்டு இல்லையென்றால்? உடம்பு ஸ்கீயின் முனைக்கு மேலாகத் தலைகுப்புறக் கவிழும். அதைத் தடுக்க ஒரே வழி, நிற்கும் பரப்பை நீளமாக்கிக்கொள்வது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. ஆல்பைன்காரருக்கு பூட்ஸ் தருகிற பாதுகாப்பை டெலிமார்க்காரர் தன் இரண்டு கால்களுக்கு நடுவே தானே கட்டிக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பாணியாகத் தெரியும். அவருக்கு அது பிழைக்கும் வழி!

எப்படி நிற்பது?

இடப்பக்கம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் வலது கால் முன்னே. அதன் பாதம் முழுவதும் ஸ்கீயில் படிந்திருக்கும். உள்பக்கம் இருக்கும் இடது கால் பின்னே. அதன் குதிகால் எழுந்திருக்கும், பாதத்தின் முன்பகுதி ஸ்கீயை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு முழங்காலும் மடங்கியிருக்கும். வலப்பக்கம் திரும்பினால் எல்லாம் தலைகீழ்.

எவ்வளவு இடைவெளி? இங்கேதான் இன்னொரு பழமொழி உதவிக்கு வருகிறது. "அகலக்கால் வைக்காதே!" கால்களை அதிகம் விரித்துவிட்டால் பின்னங்கால் இடுப்புக்கு வெகு பின்னால் போய்விடும். அங்கிருந்து எந்த எடையையும் தாங்க முடியாது, சட்டென்று கால் மாற்றவும் முடியாது. பின்முழங்கால் கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர்கீழே இருக்க வேண்டும் என்பது கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் அளவு. நாலடி தள்ளி நின்று பார்த்தால், மண்டியிடப் போனவர் பாதியில் மனம் மாறி நின்றுவிட்டது போல இருக்க வேண்டும்.

பழைய புகைப்படங்களில் பின்முழங்கால் ஸ்கீயையே தொடும் அளவுக்குத் தாழ்ந்து வருபவர்களைப் பார்க்கலாம். மெல்லிய ஸ்கீயும் மெத்தென்ற தோல் பூட்ஸும் இருந்த காலத்து வழக்கம் அது. பார்க்க அழகுதான். புதிதாகக் கற்பவர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்யப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அடிமட்டம் வரை தாழ்ந்துவிட்டால், அடுத்து ஒரு மேடு வரும்போது மடங்குவதற்கு முழங்காலில் மிச்சம் எதுவும் இருக்காது. பனிக்கு அடியில் கல் இருந்தால் முதலில் முட்டுவதும் முழங்கால்தான். அதனால்தான் பலர் முழங்கால் கவசம் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

இடுப்புக்குக் கீழே இவ்வளவு நடந்தாலும் இடுப்புக்கு மேலே அமைதி வேண்டும். மார்பு சரிவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கைகள் தாம்பூலத் தட்டு ஏந்தியது போல உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒரு கை பின்னால் போனால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் இடுப்பு திரும்பும், அப்புறம் ஸ்கீ ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போக வேண்டியதுதான். பார்வை ஸ்கீயின் முனையில் இருக்கக் கூடாது. போகப்போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

பின்னங்காலை நம்பாதவர்கள்

படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். சரிவில் போய் நின்றதும் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மொத்த எடையையும் முன்னங்காலில் போட்டுவிடுவார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்னங்கால் கண்ணுக்குத் தெரிகிறது. பாதம் முழுதாகப் பதிந்திருக்கிறது. பயம் வந்தால் மனிதன் எதைப் பிடிப்பான்? கண்ணுக்குத் தெரிவதைத்தான். பின்னங்காலோ பார்வையில் இல்லை, குதிகாலும் அந்தரத்தில் தொங்குகிறது. அதைப் போய் யார் நம்புவது?

ஆனால் நம்பாததன் விளைவு உடனே தெரிந்துவிடும். எடை இல்லாத ஸ்கீ பனியைக் கடிக்காது. கயிறு கட்டி இழுத்த பொம்மை வண்டி மாதிரி பின்னாலேயே அலைந்துகொண்டு வரும். அலைகிற ஸ்கீ ஒன்று முன்னதன் வாலில் ஏறும், இல்லாவிட்டால் எதிலாவது தட்டி வேறு பக்கம் போகும். விழுந்து எழுந்தவரைக் கேட்டால், "முன்னங்கால் வழுக்கிவிட்டது" என்பார். உண்மையில் பின்னங்கால் வேலைக்கே வரவில்லை!

எடை இரண்டு காலுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. இதுதான் அடிப்படைப் பாடம். பாதி எடை பின்னங்காலில் இருக்கிறது என்று கற்பவர் நினைக்கும்போது, அனேகமாகக் கால்வாசிகூட இருக்காது. அதனால் வேண்டுமென்றே அதிகமாகப் பின்னங்காலில் நிற்கச் சொல்லுவார்கள். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மென்மையான சரிவில் குறுக்காகப் போகும்போது முன்னங்காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்க முடிந்தால் எடை பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். முடியாவிட்டால் இவ்வளவு நேரமும் ஒற்றைக்காலில்தான் வந்திருக்கிறார்.

இன்னொரு நுணுக்கம். பின்னங்கால் என்றதும் சிலர் நாட்டியக்காரர் போல நுனிவிரலில் ஏறி நின்றுவிடுவார்கள். அப்படி நின்றால் அழுத்தம் போகவே போகாது. விரல்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அந்தச் சதைப்பற்றான பகுதியைப் பனியில் ஊன்ற வேண்டும், அதிலும் சுண்டுவிரல் பக்கமாக. ஏனென்றால் பின்னங்கால் வளைவின் உள்பக்கம் இருக்கிறது, அதன் ஸ்கீ பனியைக் கடிக்கும் விளிம்பு சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு. வாழ்நாள் முழுவதும் சுண்டுவிரலுக்கு ஒரு வேலையும் கொடுக்காத மனிதர்கள், முதன்முறையாக அதை நம்பி ஒரு மலையிலிருந்து இறங்குகிறார்கள்!

இரண்டு ஸ்கீயும் இப்படிச் சம எடையோடு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரே பக்கம் சாய்ந்து போகும்போது ஒரு விந்தை நடக்கும். இரண்டு தனித்தனிப் பலகைகளாக இல்லாமல், வில்லாக வளைந்த ஒரே நீளப் பலகை போல அவை வேலை செய்யத் தொடங்கும். திருப்பம் தானாக வரும். அந்த உணர்வு ஒரு முறை கிடைத்தவர்கள் அதை விடுவதில்லை.

கால்மாற்று

ஒரு திருப்பம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்தான் மிகவும் ஆபத்தானது. முன்னே இருந்த கால் பின்னே போக வேண்டும், பின்னே இருந்தது முன்னே வர வேண்டும். நடுவில் ஒரு கணம் இரண்டு பாதங்களும் அருகருகே வந்துவிடும். பேருந்தில் பாதங்களைச் சேர்த்துவைத்து நிற்பவரின் நிலைமை! இதை உடம்பு நன்றாக உணர்கிறது. அதனால் கற்பவர்கள் அந்தக் கணத்தை அவசரமாகத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள். டக்கென்று ஒரு குதி, கால் மாறியாகிவிட்டது. பிறகு சிலை மாதிரி அப்படியே நின்றுகொண்டு போவது, அடுத்த திருப்பத்துக்கு மறுபடி ஒரு குதி.

தேர்ந்தவர்கள் குதிப்பதில்லை. திருப்பம் முழுவதும் பாதங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். நடப்பதைப் போல, சைக்கிள் பெடல் சுற்றுவதைப் போல. எந்த இடத்தில் கால் மாறியது என்று பார்ப்பவர்களால் சொல்ல முடியாது.

அந்தக் கால்மாற்றைச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. பின்னே இருக்கும் காலை முன்னே தள்ளுவது ஒன்று. முன்னே இருக்கும் காலைப் பின்னே இழுப்பது மற்றொன்று. முடிவில் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை! காலை முன்னே தள்ளினால் பாதம் மட்டும் முன்னே ஓடிவிடும், உடம்பு பின்தங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தது போல இடுப்பு பின்னால் போகும், ஸ்கீ கட்டுப்பாட்டில் இருக்காது. மாறாக, முன்வைத்த காலை மெதுவாகப் பின்னே இழுத்தால், உடம்பு இருந்த இடத்திலேயே, ஸ்கீகளின் நடுவிலேயே இருக்கும். பின்னே போகும் பாதத்தின் மேல் எடையும் தானாக வந்து உட்காரும்.

ஆக, பயந்தவர் காலை முன்னே வீசுகிறார். பயம் தெளிந்தவர் முன்வைத்த காலைப் பின்வைக்கிறார்.

மொர்கெடால்காரர்

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? டெலிமார்க் என்பது நார்வேயின் தென்பகுதியில் உள்ள ஒரு மாவட்டம். அங்கே மொர்கெடால் என்று ஒரு சிறிய பள்ளத்தாக்கு. 1825 ஜூன் 10 அன்று அங்கே பிறந்தவர் சோந்த்ரே நோர்ஹைம். சொந்த நிலம் இல்லாதவர். அடுத்தவர் பண்ணையில் ஒரு துண்டு இடத்தில் குடியிருந்துகொண்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குடும்பம். நோர்ஹைம் என்பதே அவர் குடியிருந்த இடத்தின் பெயர்தான். தச்சு வேலை தெரியும். வறுமை நிறைய. ஆனால் பனி விழுந்துவிட்டால் மனிதர் வீட்டில் தங்க மாட்டார். கூரை மேலிருந்துகூட ஸ்கீயோடு குதிப்பார் என்று அந்த ஊரில் கதைகள் உண்டு.

அதற்கு முன்பு பெரும்பாலும் விரல்களுக்கு மேல் ஒரு பட்டை மட்டும்தான் ஸ்கீயைப் பிடித்திருக்கும். நடக்க அது போதும். குதித்தால் ஸ்கீ ஒரு பக்கம் பறந்துவிடும். நோர்ஹைம் முறுக்கிய மரக்குச்சிகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். குதிகால் எழலாம், ஆனால் கால் ஸ்கீயை விட்டுக் கழலாது. பலகையின் நடுப்பகுதியைக் குறுக்கி, இடுப்பு ஒடுங்கிய ஸ்கீயையும் செய்தார். அது வளைந்து திரும்ப வசதியானது. எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. பள்ளத்தாக்கே சேர்ந்து விளையாடிக் கண்டுபிடித்தது. ஆனால் அந்த விளையாட்டுக்கு முன்னோடி அவர்தான். இன்று உலகம் முழுக்கச் சொல்லும் 'ஸ்லாலம்' என்ற சொல்கூட அந்த வட்டாரத்துச் சொல்தான். சரிவு, தடம் என்ற பொருளுள்ள இரண்டு சொற்கள் சேர்ந்தது.

1868 பிப்ரவரியில் தலைநகர் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) ஒரு ஸ்கீ போட்டி நடந்தது. நோர்ஹைமுக்கு அப்போது வயது 42. ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் ஸ்கீயிலேயே போனார் என்பார்கள். நகரத்து ஆட்கள் ஒரு நீளக் கம்பை ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டே இறங்குவது வழக்கம். கம்பு இல்லாமல் குதித்து, காலை முன்பின் வைத்து வளைந்து நின்ற இந்த நாட்டுப்புறத்தாரைப் பார்த்துத் தலைநகரம் அசந்துபோனது. முதல் பரிசும் அவருக்கே. 1881ல் அதே மொர்கெடாலைச் சேர்ந்த ஹெம்மெஸ்ட்வைட் சகோதரர்கள் தலைநகரில் ஸ்கீ பள்ளியே தொடங்கிவிட்டார்கள்.

பூட்டியதும் திறந்ததும்

பிறகு ஸ்கீ ஆல்ப்ஸ் மலைக்குப் போனது. அங்கே சரிவுகள் செங்குத்து. 1890களில் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி அந்தச் சரிவுகளுக்கென்று வேறொரு முறையை உருவாக்கினார். 1929ல் வந்த கண்டஹார் பைண்டிங் இரும்புக் கம்பிவடத்தால் குதிகாலை இழுத்துப் பிடித்தது. மலை ஏற இழுவை இயந்திரங்களும் வந்துவிட்ட பிறகு, நடப்பதற்கென்று குதிகாலைத் திறந்து வைக்கும் தேவையே பலருக்கு இல்லாமல் போனது. 1936 ஒலிம்பிக்கில் ஆல்பைன் பந்தயங்கள் சேர்க்கப்பட்டன. டெலிமார்க் திருப்பம் தாத்தா காலத்துச் சமாச்சாரம் ஆனது. ஸ்கீ ஜம்ப் தரையிறக்கத்தில் மட்டும் அதன் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். 1970களின் தொடக்கத்தில் கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் என்ற மலை ஊரில் சில ஸ்கீ பயிற்சியாளர்களும் மீட்புப் பணியாளர்களும் சலிப்பில் இருந்தார்கள். இழுவையில் ஏறு, சீராக்கிய பாதையில் இறங்கு, மறுபடி ஏறு... இதற்கா மலைக்கு வந்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும். சமதளத்தில் நடக்கும் மெல்லிய ஸ்கீயையும் தோல் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, ஆள் போகாத சரிவுகளுக்குத் தாங்களே நடந்து ஏறினார்கள். ஏறியாயிற்று, இறங்குவது எப்படி? அந்தக் குச்சி போன்ற ஸ்கீயில் ஆல்பைன் திருப்பம் எடுபடவில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய நார்வேக்காரரின் மண்டியிட்ட நிலை எடுபட்டது!

அங்கிருந்து டெலிமார்க் மறுபடி பரவியது. 1990களில் பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் துருத்தி போல மடிப்பு இருக்கும். 1995ல் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் இதை ஒரு பந்தயமாக அங்கீகரித்தது. அந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. ஒவ்வொரு வளைவிலும் நடுவர்கள் நின்று, பின்குதிகால் எழுந்திருக்கிறதா, கால்களுக்கு நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் நேரத்தில் நொடிகளைக் கூட்டிவிடுவார்கள். 2007ல் ரோட்டஃபெல்லா நிறுவனம் புதிய வகை பைண்டிங்கையும் கொண்டுவந்தது. நார்வே மொழியில் அந்தப் பெயருக்கு 'எலிப்பொறி' என்று பொருள்!

இதில் ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது. இப்போது ஏறும்போது குதிகாலைத் திறந்துவிட்டு, உச்சிக்குப் போனதும் பூட்டிக்கொள்ளும் இலகுவான பைண்டிங்குகள் கடைகளில் கிடைக்கின்றன. நடந்து ஏறலாம், ஆல்பைன் பாணியில் சுகமாக இறங்கலாம். தொடை வலி இல்லை, முழங்கால் கவசம் வேண்டாம். அப்படியென்றால் டெலிமார்க் எதற்கு?

பயன் என்று பார்த்தால் பெரிதாகப் பதில் இல்லை. டெலிமார்க்காரர்களே அதை ஒப்புக்கொள்வார்கள். அவர்களில் பலர் முன்பே ஆல்பைனில் கைதேர்ந்தவர்கள். எந்தச் சரிவிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவர்கள். அவர்கள் ஒருநாள் குதிகாலைத் திறந்துவிட்டு, குழந்தைகள் பழகும் சரிவுக்குப் போய், ஐந்து வயதுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் பத்தடிக்கு ஒரு முறை விழுகிறார்கள். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு, தானாக விரும்பி ஒரு அடி பின்னே வைப்பது எவ்வளவு கஷ்டம்! வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவரை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்காரச் சொன்னால் உட்காருவாரா? இவர்கள் உட்காருகிறார்கள். நல்ல பூட்ஸ் இத்தனை நாள் மறைத்துவைத்திருந்த சமநிலைத் தவறுகள் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அவற்றைத் திருத்திக்கொண்டு எழுந்து வருகிறார்கள். அந்த எழுச்சிக்காகத்தான் அத்தனை வலியும்.

சமவெளியில் ஒரு ஸ்கீ

நோர்ஹைமின் கதையை அந்த முதல் பரிசோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் அது அங்கே முடியவில்லை.

பரிசும் புகழும் அவருக்கு நிலம் தரவில்லை. 1884ல், 58 வயதில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். முதலில் மின்னசோட்டா, பிறகு வடக்கு டகோட்டா. நிலம் கிடைக்கும் என்று போனவர்கள் வழக்கமாகப் போன பாதைதான். ஆனால் என்ன ஒரு முரண் பாருங்கள்! மலைச்சரிவில் வளைந்து இறங்கக் கற்றுக்கொடுத்த மனிதர் போய்ச் சேர்ந்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான புல்வெளிக்கு. பனிக்குக் குறைவில்லை. சரிவுதான் இல்லை. இருந்தும் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு ஜோடி ஸ்கீயைச் சாத்தி வைத்திருந்தார் என்று சொல்வார்கள்.

1897 மார்ச் 9 அன்று அங்கேயே இறந்தார். டென்பி என்ற ஊரின் பக்கத்திலிருக்கும் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். வெகுகாலம் அந்தக் கல்லறைக்குப் பெயர்க்கல் கூடக் கிடையாது.

1952ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அதன் சுடரைக் கிரேக்க நாட்டில் ஏற்றவில்லை. மொர்கெடாலில், நோர்ஹைம் பிறந்த அந்தச் சின்னஞ்சிறு வீட்டின் அடுப்பிலிருந்து ஏற்றினார்கள். அங்கிருந்து ஸ்கீ வீரர்கள் கைமாற்றி கைமாற்றித் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். 84 ஆண்டுகளுக்கு முன்பு அவர் போட்டிக்குப் போன அதே ஊருக்கு. 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக்குக்கும் சுடர் அங்கிருந்துதான் போனது. நிலம் கொடுக்காத ஊர் நெருப்பை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஸ்கீ ஜம்ப் வந்தால், வீரர் எவ்வளவு தூரம் பறக்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். இறங்கும் அந்த ஒரு நொடியில் பின்னங்காலைப் பாருங்கள். யாரும் கவனிக்காத அந்தக் கால்தான் பாதிச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.